எண்பது மீட்டர் உயரத்தில் ஒரு வயிறு

ஏணியில் கால் வைக்குமுன் வயிற்றை ஒரு தட்டுத் தட்டி, "என்ன, இன்னைக்காவது ஒழுங்கா இருப்பியா?" என்று கேட்கிறார் கிரேன்காரர். பிறகுதான் ஏறுகிறார். எண்பது மீட்டர் உயரத்தில் அவருடைய கூண்டு. அங்கே மின்விசிறி உண்டு, வாக்கிடாக்கி உண்டு. கழிப்பறை மட்டும் கிடையாது.

போன வருஷம் ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். தினம் ஒரு மாத்திரை. நோய் அடங்கிவிட்டது, ஆனால் வயிறு பிய்த்துக்கொண்டது. நாளைக்கு எட்டு முறை. "கேன்சர் என்னை ஒண்ணும் பண்ணல சார், பாத்ரூம்தான் படுத்தி எடுத்துச்சு" என்று சிரிக்கிறார். பாதி வேலையில் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு ஏணியில் கால் மணி நேரம் இறங்க வேண்டும். மூன்று நாள் இப்படிப் போனதும் இன்ஜினியர் கிரேன் சாவியை வாங்கிக்கொண்டு, ஸ்டோரில் கையுறை எடுத்துக் கொடுக்க உட்காரவைத்தார். பதினெட்டு வருஷம் மேலேயே இருந்த மனுஷருக்கு அது ஜெயில்.

இதில் அவர் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். டாக்டரிடம் மூச்சே விடவில்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவாராம்! பட்டினி கிடந்தார், தண்ணீரைக்கூடத் தொடவில்லை. கடைசியில் ஸ்டோரிலேயே மயங்கி விழுந்தார். டாக்டர் முன்னால் மனைவிதான் போட்டு உடைத்தார்: "எட்டு தடவை போறாரு டாக்டர். கேட்டா 'லேசா'ன்னு சொல்வாரு."

"இதைச் சொல்லவா வெக்கம்? இதுக்குத்தானேய்யா நான் இருக்கேன்?" என்று திட்டிய டாக்டர், மருந்தைச் சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்து மறுபடி தொடங்கினார். வயிற்றுக்குத் தனி மாத்திரை, குடிக்க உப்புச் சர்க்கரைக் கரைசல். இரண்டு மாதத்தில் வயிறு வழிக்கு வந்தது. ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருந்தது. மேலே ஏறலாம் என்று டாக்டர் கடிதமும் கொடுத்தார்.

"ஒரே ஒரு ஷிப்ட். நடுவுல இறங்கினீங்கன்னா ஸ்டோர்தான்" என்றார் இன்ஜினியர்.

கட்டட வேலையைப் பார்க்கப் போயிருந்த நான் பார்த்தது அந்த ஷிப்டைத்தான். கீழே சைகை காட்டும் நண்பர் மணிக்கொரு தரம் வாக்கிடாக்கியில் நச்சரித்தார்: "மச்சான், வயிறு?"

"வாய மூடிட்டுக் கைய காட்டுடா!"

கம்பிக்கட்டுகள் ஏறின, பலகைகள் ஏறின. ஷிப்ட் முழுக்க, நான்கு மணி நேரம். மனுஷர் இறங்கவே இல்லை! எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது, தட்டியும் விட்டேன்.

ஷிப்ட் முடிந்து மணி அடித்ததும் இறங்கி வந்தார். எல்லோரும் பதறி ஒதுங்கி வழிவிட்டார்கள். நண்பர் ஓடிப்போய்க் கழிப்பறைக் கதவையே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். இவர் நிதானமாக நடந்து போய்க் கதவை அவர் கையிலிருந்து வாங்கி, தான் பிடித்துக்கொண்டார்.

"நீ போயிட்டு வாடா. எனக்கென்ன அவசரம்?"