கோழிப்பண்ணைக்காரியின் முதல் கிதார்

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில், மாமியார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசைப் பாடகர்களைப் பற்றி இரண்டரை வருடம் எழுதிக்கொண்டிருந்தேன். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "அவங்களுக்கு அங்க ஆள் கிடைக்கலையா?" என்பார்கள். கிடைத்திருக்கும். நாங்கள் அதைக் குறைந்த சம்பளத்துக்குச் செய்தோம், அவ்வளவுதான்.

ஊரடங்கின்போது பெங்களூரை விட்டு வந்தேன். அங்கே நான் பிழை திருத்தும் வேலை பார்த்த கம்பெனியே இந்த வேலையைக் கொடுத்தது. கடல் கடந்த ஒரு வானொலி நிலையத்தின் இணையதளத்துக்கு, நாளுக்கு ஒரு பாடகர் வீதம் ஒரு பக்கம் எழுத வேண்டும். எங்கே பிறந்தார், முதல் ரெக்கார்டு எப்போது வந்தது, எந்தப் பாட்டு முதலிடத்துக்குப் போனது, என்னென்ன விருது. கடைசியில் 'உங்களுக்குத் தெரியுமா' என்று ஐந்து துணுக்குகள். ஆரம்பத்தில் எனக்கு அந்தப் பாட்டு எதுவும் பிடிக்கவில்லை. எல்லாரும் ஒரே தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பாடுவதைப் போல இருந்தது.

என் கணவர் ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருந்தார். சனிக்கிழமை வந்து திங்கள் விடியலில் போய்விடுவார். வீட்டில் நானும் அத்தையும் மாமாவும்தான். எங்களுக்குப் புளி வியாபாரம். தை முடிந்தால் பழம் வந்து குவியும். வாசலில் போட்ட தகரக் கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து ஓட்டை உடைத்து, நாரை உரித்து, சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டையை எடுப்பார்கள். அவர்களோடு அத்தையும் உட்காருவார். கூடத்தில் போன் சிக்னல் சரியாக எடுக்காததால் நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிடுவேன்.

"நாள் பூரா அந்தப் பொட்டியில என்னா கண்ணு எழுதற?" என்று ஒரு நாள் அத்தை கேட்டார்.

"பாட்டுக்காரங்களைப் பத்திங்க அத்தை."

"சினிமாப் பாட்டா?"

"இல்லீங்க. வெளிநாட்டுல, பட்டிக்காட்டுப் பாட்டு மாதிரி. மாடு, லாரி, மழை, வூட்டுக்காரன் ஓடிப்போனது, எல்லாம் பாட்டுல வரும்."

"அங்கயும் ஓடிப்போறானுங்களா?" என்றார் எதிரில் இருந்த அக்கா ஒருவர். கொட்டகையே சிரித்தது. "சொல்லு பாப்பா, யாரு ஓடிப்போனது?"

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எழுதி முடித்ததும் அன்றைய பாடகரின் கதையைத் தமிழில் சொல்வேன். அவர்கள் தட்டிக்கொண்டே கேட்பார்கள். அந்தப் பெயர்கள் எதுவும் அவர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் அவர்களே பெயர் வைத்தார்கள். விமானத்தில் ஏறப் பயந்து, நாற்பது வருடம் பஸ்ஸிலேயே கச்சேரிக்குப் போனவர் 'பஸ்காரர்'. மேடை ஏறும் முன் தவறாமல் ஒரு தட்டு வறுத்த வெண்டைக்காய் சாப்பிட்டவர் 'வெண்டைக்காய்'. மூன்று முறை கல்யாணம் செய்து மூன்றாவதாக முதல் மனைவியையே மறுபடி கட்டிக்கொண்டவரை, "அந்தக் கூறுகெட்டவன்" என்பார்கள். ஆனால் அவர் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்கள். ஒரு வார்த்தை புரியாது. "அழறான் பாரு" என்பார்கள். சரியாகத்தான் இருக்கும்.

அவர்களுக்கு எல்லாரையும்விடப் பிடித்தவள் கோழிப்பண்ணைக்காரி. எண்பது வயதை நெருங்கிய பாடகி. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கியபடி பாடப் பழகியவர். முதல் பாட்டைத் தீவனக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் பதிவு செய்தார். நடுவில் தெருவில் போன டிராக்டர் சத்தமும் அதில் விழுந்துவிட்டது, எடுக்க முடியவில்லை. அந்தச் சத்தத்தோடுதான் அது முதலிடத்துக்குப் போனது. இதைக் கேட்டதும் அத்தை அந்தப் பாட்டைப் போடச் சொன்னார். போனைக் காதோடு வைத்துக்கொண்டு, டிராக்டர் வரும் இடத்தில், "ஆமா, போவுது, போவுது" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார்.

அடுத்த வருடப் புளி நாளில்தான் அது நடந்தது. கோழிப்பண்ணைக்காரியின் முதல் ரெக்கார்டு வெளிவந்து ஐம்பது வருடம் நிறைவதால் நீளமாக ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். திருமண நாளுக்குக் கணவர் வாங்கித் தந்த கிதாரில்தான் அவருடைய இசை வாழ்க்கை தொடங்கியது என்று ஆரம்பித்திருந்தேன். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் அந்தக் கதைதான் இருந்தது. அழகான கதை. கொட்டகையில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தையின் சுத்தியல் நின்றது.

"இரு கண்ணு. யாரு வாங்கிக் குடுத்தா?"

"அவங்க வூட்டுக்காரருங்க."

"போன வருசம் அப்பிடிச் சொல்லலியே நீ. அவளே கோழியை வித்து வாங்கினா, வூட்டுக்காரனுக்குத் தெரியாம ஒரு வாரம் தீவன டிரம்முல ஒளிச்சு வெச்சிருந்தான்னுதான சொன்ன?"

எனக்கு எதுவுமே ஞாபகம் வரவில்லை. மற்ற பெண்கள் நினைவுபடுத்தினார்கள். "ஆமா பாப்பா, தீவனத்தோட எடுத்துக் கோழிக்குப் போட்டுருவாளோன்னு நாங்ககூடச் சிரிச்சோமே."

பழைய குறிப்புகளைத் தேடினேன். அத்தை சொன்னது சரி. நாற்பது வருடத்துக்கு முந்தைய வானொலிப் பேட்டி ஒன்றில் பாடகியே அதைச் சொல்லியிருந்தார். போன வருடம் அதைக் கேட்டு எழுதியிருந்தேன், இடம் போதாமல் வெட்டிவிட்டேன். கொட்டகையில் மட்டும் சொல்லியிருக்கிறேன். நான் மறந்துவிட்டேன், இவர்கள் மறக்கவில்லை.

பெங்களூரில் இருந்த என் டீம் லீடரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "மேடம், எல்லா சைட்லயும் வூட்டுக்காரர்னுதான் இருக்கு. படிக்கிறவங்களுக்கும் அதுதான் பிடிக்குது. விட்டுடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அன்றைக்கு இன்னும் பதினோரு பக்கம் பாக்கி.

போனை வைத்ததும் அத்தை கேட்டார். "என்னா சொல்றான்?"

"விட்டுடச் சொல்றாருங்க."

"அப்ப அவ சொன்னது பொய்யா?"

"இல்லீங்க அத்தை."

"அப்பறம்?"

லேப்டாப்பை மறுபடி திறந்தேன். பத்தியை மாற்றி எழுதினேன். பேட்டியின் எந்த நிமிடத்தில் அவர் அதைச் சொல்கிறார் என்று குறித்து, அந்த வானொலி நிலையத்தில் எங்கள் பக்கங்களைப் பார்வையிடும் பெண்மணிக்கு நேராக அனுப்பிவிட்டேன். டீம் லீடரைத் தாண்டி நான் செய்த ஒரே காரியம் அதுதான். வேலை போய்விட்டால் கணவரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் காலை இரண்டே வரியில் பதில் வந்தது. பேட்டியைக் கேட்டாராம், நான் எழுதியதே சரியாம், அப்படியே வெளியிடுகிறார்களாம். கொட்டகைக்கு ஓடினேன். மாமா அப்போதுதான் டீயோடு வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, மாத்திட்டாங்க! அவளே வாங்கினதுன்னு போட்டுட்டாங்க!"

பெண்கள் கைதட்டினார்கள். அத்தை கைதட்டவில்லை. தட்டிய புளியைக் கூடையில் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"இந்தத் தொழிலுகூட நான் ஆரம்பிச்சதுதான். ஊரு பூரா உங்க மாமா ஆரம்பிச்சாருங்குது. வாசல்ல பலகையும் அவரு பேருலதான் இருக்குது. ரெண்டு மரத்தைக் குத்தகைக்கு எடுத்து, தலையில தூக்கியாந்து, ஒத்தையில தட்டினவ நானு."

மாமா டீயைக் கையில் வைத்தபடி இருந்தார். கோபிப்பாரோ என்று எனக்குப் பயம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, இந்தத் தொழிலை மாமா எப்படித் தொடங்கினார் என்று நானே எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் அத்தை பக்கத்தில்தான் இருந்திருக்கிறார்.

"நெசந்தாம்மா" என்றார் மாமா, என்னைப் பார்த்து. "நான் அப்ப மைசூர் பக்கம் லாரி ஓட்டிக்கிட்டிருந்தேன். வந்து பாத்தா வூடு பூராவும் புளி. படுக்க எடமில்லைன்னு இவகிட்டச் சண்டை வேற போட்டேன்."

பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தார். "டீ ஆறுது, குடிங்க" என்றார்.

பலகையை யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று அத்தையும் கேட்கவில்லை. ஆனால் புளி வாங்க வரும் வியாபாரிகளிடம் மாமா, "அவளைக் கேளுங்க, அவதான் மொதலாளி" என்று சொல்லத் தொடங்கினார். முதலில் கேலியாகச் சொன்னார். போகப் போகக் கேலி குறைந்தது.

அடுத்த புளி நாளுக்கு முன்பே என் வேலை போய்விட்டது. பேட்டியால் இல்லை. அந்தப் பக்கங்களை இனி கம்ப்யூட்டரே எழுதிவிடுமாம். டீம் லீடரும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நான் நல்லம்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். நல்ல வேலைதான். ஆனால் மாலையில் பஸ்ஸில் வரும்போது சில நாள் அந்தச் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, பஸ்காரர் எந்த வருடம் எந்த விருது வாங்கினார் என்று தேடிக்கொண்டிருந்த பகல்கள் நினைவுக்கு வரும். அப்போது அதைச் சலித்துக்கொண்டே செய்தேன். இப்போது யாராவது அந்த வேலையைத் திரும்பக் கொடுத்தால், சம்பளம் கேட்காமல் உட்கார்ந்துவிடுவேன் போலிருக்கிறது.

போன மாசியில் போனில் செய்தி பார்த்தேன். கோழிப்பண்ணைக்காரி தூக்கத்திலேயே போய்விட்டார். சனிக்கிழமை, விடுமுறை. கொட்டகைக்குப் போய்ச் சொன்னேன். ஒரு அக்கா, "நல்ல சாவுதான்" என்றார்.

அத்தை புளி ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "யார் யாரு வந்தாங்களாம்?"

படித்ததைச் சொன்னேன். பிள்ளைகள் வந்தார்கள், கூடப் பாடியவர்கள் வந்தார்கள், ஊர்க்காரர்கள் சாலையில் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"வெண்டைக்காய் வந்தானா?"

"தெரியலீங்க அத்தை. அதுல போடல."

"வந்திருப்பான்" என்றார் அத்தை.