என் சர்க்கரைக்கு யார் காரணம்?

ஆம்பூர் கிளினிக்கில் இன்று பார்த்தபோது என் சர்க்கரை நன்றாகவே குறைந்திருந்தது.

"நான்தான் டாக்டர், பிரியாணிய நிறுத்தினேன்" என்று பெருமையடித்தார் என் வீட்டுக்காரர்.

நான் விடவில்லை. "நான் காலம் பூரா நைட் டியூட்டி பாத்த நர்ஸ், டாக்டர். ரிட்டயர் ஆனப்புறம்தான் ராத்திரில தூங்கறேன். அத யாரும் சொல்ல மாட்டாங்க."

"நைட் டியூட்டியாலயும் சர்க்கரை ஏறும்மா" என்றார் டாக்டரம்மா. "அது முடிஞ்சி வந்து காலைல பிரியாணி சாப்ட்டு தூங்கினா இன்னும் ஜாஸ்தி."

"பாத்தியா!" என்று துள்ளினார் இவர்.

"காலைல பஸ் ஸ்டாண்டுல பிரியாணி பொட்டலத்தோட நின்னது யாருங்க?"

"பசியோட வருவியேன்னுதான்..." என்று இழுத்தார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். வீடு வரை நாங்களும் சிரித்தோம்.

இருந்தாலும் என் தீர்ப்பில் மாற்றமில்லை. முதல் குற்றவாளி நைட் டியூட்டி, இரண்டாவது இவர். நைட் டியூட்டி பார்த்தவர்களே, உங்கள் வீட்டில் இரண்டாவது யார்?