அனஸ்ரேசியா சாக்கடலுக்குப் போய் வந்தது

அனஸ்ரேசியாவை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். மன்னார்க்காரி. நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடி. முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை. நல்ல மனுசி, ஆனால் பயந்தாங்கொள்ளி. அந்தப் பயத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அவளுக்குச் சொரியாசிஸ். முழங்கையிலிருந்து விரல்வரை தோல் சிவந்து செதில் செதிலாக உதிரும். ஒருவருக்கும் தொற்றாத வருத்தம்தான். ஆனால் மகள் கரோலினாவுக்குச் சம்பந்தம் பேசும் நேரம். "குட்டநோய் எண்டு கதை கட்டிப்போடுவினம்" என்று கோடையிலும் நீளக்கைச் சட்டை போட்டுத் திரிந்தாள்.

2009 தை மாதம் வைத்தியர் அவளை நான்கு கிழமைக்கு ஜோர்தானில், சாக்கடல் கரையிலுள்ள சிகிச்சை விடுதிக்கு அனுப்பினார். சும்மா போக வேண்டியதுதானே? எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் எல்லோரிடமும் எருசலேமுக்குத் திருநாட்டு யாத்திரை என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய, அதே கோயிலுக்கு வரும் யோசெப்பின் என்ற அக்கா ஒரு கடித உறையை அவள் கையில் வைத்தார். அக்காவின் ஒரே மகன் யூலியன் வன்னிப் போருக்குள் அகப்பட்டிருந்தான்; உறைக்குள் அவன் பேரில் எழுதிய மன்றாட்டு.

"ஆண்டவற்றை கல்லறையிலை வைச்சிட்டு வா பிள்ளை. வேறை ஒண்டும் வேண்டாம்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். உறையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

சாக்கடலில் காலையில் உப்புத் தண்ணீரில் மிதப்பாள். பிறகு கறுத்தச் சேறு பூசி வெயிலில் கிடப்பாள். சுற்றிவரப் பாலைவனம். கூட வந்த நோர்வேக்காரர் எல்லோருக்கும் அதே தோல் என்பதால், கனகாலத்துக்குப் பிறகு கை தெரிய உடுத்தாளாம். ஆண்டவரின் கல்லறை இருக்கும் எருசலேம் எதிர்க்கரை மலைக்கு அப்பால்தான். ஆனால் சிகிச்சை ஒரு நாளும் தவறக்கூடாது என்று தாதி சொல்லிவிட்டார். கிடைத்த ஒரே அரை நாளில் பஸ் போனது பக்கத்து மலையிலிருந்த ஏரோது அரசனின் இடிந்த கோட்டைக்கு.

உடைந்த தூண்கள், ஆட்டுப் புழுக்கை, காற்று. இதுவும் ஆண்டவர் காலத்து இடம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கல் இடுக்கொன்றில் கடிதத்தைச் செருகப் போனாள். அப்போதுதான் வழிகாட்டி சொன்னான், ஆண்டவருக்குத் திருமுழுக்குக் கொடுத்த ஸ்நாபக அருளப்பரின் தலையை வெட்டியது இங்கேதான் என்று. கடிதத்தைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"தலை வெட்டின இடத்திலையோ அந்தப் பிள்ளையின்ரை பேரை வைக்கப் பாத்தனான்?" என்று திரும்பி வந்த அன்றே என் குசினியில், அடுப்பருகே இருந்துகொண்டு அழுதாள்.

"போய் உண்மையைச் சொல்லு!" என்று கத்தினேன்.

போனாள், கடிதத்தோடுதான். கதவைத் திறந்த யோசெப்பின் அக்கா முதலில் பார்த்தது அவள் கையை. தோல் பச்சைக் குழந்தையின் தோல்போல இருந்தது. அக்காவுக்கு இவளுடைய தோல் வருத்தம் முன்பே தெரிந்திருக்கிறது. கோயிலில் கோப்பை கழுவும்போது கண்டவர், ஒருவருக்கும் சொல்லவில்லை.

"கல்லறை உனக்குச் சுகம் தந்திட்டுது. இனி என்ரை பிள்ளையும் வந்திடுவான். கடிதம் வைச்சனிதானே?"

"ஓம் அக்கா."

மே மாதம் போர் முடிந்தது. அகதி முகாம் பட்டியல் எதிலும் யூலியனின் பெயர் இல்லை. அக்கா மட்டும் கலங்கவில்லை. ஞாயிறுதோறும் அனஸ்ரேசியாவின் கையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பூசைக்கு இருப்பார். பக்கத்திலிருந்த நான் பாட்டுப் புத்தகத்தை விரித்துக்கொள்வேன்.

சாக்கடல் தந்த சுகம் சில மாதங்களுக்குத்தான். ஆவணியில் முழங்கையில் சிவப்பு வந்தது, பிறகு செதில். அவள் மறுபடியும் நீளக்கை போட்டாள். அந்த ஞாயிறு யோசெப்பின் அக்கா அவளின் சட்டைக் கையை மேலே சுருட்டினார். செதிலை விரலால் தொட்டார்.

"அப்ப என்ரை பிள்ளை?" என்று கேட்டார்.