காசிமாயன் ஊதிக் காட்டிய வாசல்கள்

காசிமாயனுக்கு ஊதிக் காட்டுவது ஒன்றும் புதிதல்ல. மதுரை காளவாசலில் போலீஸ்காரர் குடியைக் கண்டுபிடிக்கும் கருவியை நீட்டுவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் தன் வீட்டு வாசலில் தினமும் ஊதியவர் அவர்.

அந்தக் காலத்தில் அவர் குடித்த குடி ஊருக்கே தெரியும். சரக்கு ஏற்றிய வண்டியைக் கண்மாய்க்குள் இறக்கிவிட்டு, அதிலேயே படுத்துத் தூங்கிய மனிதர். மனைவி பாண்டீஸ்வரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன பிறகுதான் புத்தி வந்தது. குலசாமி கோயிலில் சூடம் ஏற்றி, "இனிமே தொட மாட்டேன்" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தார். அவள் திரும்பி வந்தாள். ஆனால் சத்தியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிற ஆளா பாண்டீஸ்வரி? சாயங்காலம் அவர் வண்டியை விட்டு இறங்கியதும் நிலைப்படியில் மறித்து நிற்பாள். "ஊதுங்க" என்பாள். பரோட்டா, பீடி, சோம்பு என்று அவர் வாய்க்குள் போனதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் வழிவிடுவாள்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒரு நாள் அவர் வாயைக் குவித்துக்கொண்டு நிற்க, அவள் பாட்டுக்கு உள்ளே போய்த் தட்டை வைத்தாள். காசிமாயன் சோற்றில் கைவைக்க முடியாமல் அழுதார். அதன்பிறகு ஏழு வருஷமாக அவள் ஊதச் சொல்லவில்லை. தனக்கென்று இருக்கும் சொத்து அந்த நம்பிக்கை ஒன்றுதான் என்று அவர் நினைத்திருந்தார்.

போன வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். செல்லூர்த் தறிக்கூடங்களில் துண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டியில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக் கூட்டம் சும்மா இருக்காது என்று பட்டப்பகலிலேயே காளவாசலில் வண்டிகளை நிறுத்தி ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வரிசை நகர்கிற வழியைக் காணோம். அப்போதுதான் சீட்டுக்குப் பக்கத்தில் கிடந்த அரிஷ்டப் பாட்டில் கண்ணில் பட்டது. வயிறு மந்தம் என்று முதல் நாள் பாண்டீஸ்வரி நாட்டுமருந்துக் கடையில் வாங்கி, சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூடி குடிக்கச் சொன்னது. மதியம் மறந்தே போயிருந்தார். பெண்டாட்டி சொல்லைத் தட்டக் கூடாதே என்று உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு மூடியை விழுங்கினார். அடுத்த மூன்றாவது நிமிஷம் அவர் முறை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊதினார்.

கருவி கூவியது. ஐம்பத்திரண்டு என்று காட்டியது. முப்பதைத் தாண்டினாலே வழக்கு.

"என்னய்யா, மத்தியானமே ஆரம்பிச்சாச்சா?" என்றார் எஸ்.ஐ.

"சார், தொட்டு ஒம்பது வருசமாச்சு. ஒரு சூடம் ஏத்துங்க, இந்த ரோட்டுலயே அணைக்கிறேன்."

"குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு. மெஷினுக்கு ஒன் மேல என்ன பகையா? வீட்டு நம்பரச் சொல்லு."

காசிமாயன் போனைச் சட்டைப்பைக்குள் அழுத்திக்கொண்டார். "கேஸு போடுங்க, லைசென்சப் புடுங்குங்க. வீட்டுக்கு மட்டும் சொல்லாதீக சார்!" நாளைக்கு அவள் மறுபடியும் வாசலில் மறித்து நிற்பாளே என்பதுதான் அவர் கவலையெல்லாம்.

பக்கத்தில் நின்ற பெண் போலீஸ் முனீஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, மருந்து ஏதும் குடிச்சீங்களா?"

"ஒண்ணும் இல்ல தாயி."

அவர் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் அவருக்கு டாக்டர் கொடுப்பது. அரிஷ்டம் பாண்டீஸ்வரி கொடுத்தது. ரசம், மோர் மாதிரி அதுவும் ஒன்று.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பாண்டீஸ்வரிதான். காசிமாயன் எடுக்காமல் விழித்தார். முனீஸ்வரி வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, அந்த அரிஷ்டம் ரெண்டு மூடி குடிச்சீகளா, மறந்துட்டீகளா?"

"அக்கா, நான் போலீஸ் பேசுறேன். பயப்படாதீங்க, கொஞ்ச நேரத்துல பேசச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு முனீஸ்வரி திரும்பினார். "எப்பண்ணே குடிச்சீங்க?"

"இப்பத்தான் தாயி, வரிசையில."

முனீஸ்வரி எஸ்.ஐ.யிடம் போனார். "சார், அரிஷ்டத்துல சாராயம் தானா ஊறும். இப்பக் குடிச்சதுன்னா வாயிலதான் இருக்கு. நல்லாக் கொப்புளிச்சிட்டு இருபது நிமிஷம் உக்காரட்டும். நெசமாவே குடிச்சவருன்னா அப்பவும் காட்டும்."

எஸ்.ஐ. முகத்தைச் சுளித்தார். ஆனாலும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக காசிமாயன் அவரை இன்றுவரை வாழ்த்துகிறார்.

ஒரு பாட்டில் தண்ணீரையும் கொப்புளித்துத் தீர்த்துவிட்டு நடைபாதையில் குந்தினார். உச்சியில் வெயில். தெரியாத சாமியை எல்லாம் கூப்பிட்டார். இருபது நிமிஷம் கழித்துப் புதுக் குழாய் மாட்டி நீட்டினார்கள். ஊதினார். சைபர்.

காசிமாயன் நடுரோட்டில் கையெடுத்துக் கும்பிட்டார். "கும்பிடாதீங்கண்ணே. வண்டி ஓட்டுறப்ப மட்டும் அதக் குடிக்காதீங்க" என்று முனீஸ்வரி அடுத்த வண்டியை மறிக்கப் போய்விட்டார்.

வழி நெடுக காசிமாயன் யோசித்துக்கொண்டே போனார். கருவி மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. வாயில் இருந்ததைத்தானே அது சொன்னது? அது எப்படி வந்தது என்று கேட்க ஒரு மனுஷி இருந்தாளே, அதுதான் பெரிய காரியம். குடித்துவிட்டு ஓட்டிய நாளில் இப்படி யாராவது மறித்திருந்தால், வண்டி கண்மாயில் இறங்கியிருக்காது.

வீட்டு நிலைப்படியில் பாண்டீஸ்வரி நின்றாள், பழைய மாதிரியே. போனில் பாதியும் இப்போது மீதியும் சொல்லி முடித்தார்.

"அந்தப் புள்ள பேரென்ன?"

"முனீஸ்வரி."

"கோயிலுக்குப் போறப்ப அது பேருல ஒரு தேங்கா ஒடைக்கணும். வெவரம் தெரியாம நானே ஒங்கள மாட்டிவிட்டேனே."

காசிமாயன் கண்ணை மூடிக்கொண்டு வாயைக் குவித்தார்.

"என்ன செய்றீக?"

"ஊதுறேன். நீயும் பாத்துக்க."

"ஏழு வருசமாக் கேக்காதவ, இன்னைக்கா கேக்கப் போறேன்?" என்று பாண்டீஸ்வரி விலகி வழிவிட்டாள். "சோறு ஆறுது, வாங்க."