எழுந்து நின்றோம்

எங்கள் தெருவுக்கு உட்கார்ந்திருப்பதே போராட்டம் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கும். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில், பண்ணையார் வந்தால் நாங்கள் எழுந்திருக்க வேண்டும். தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு வந்துவிட வேண்டும். யாரும் அதட்ட வேண்டியதில்லை, உடம்பு தானே எழுந்துகொள்ளும்.

அந்தப் பண்ணையார் சிற்றாற்றுத் துறைக்கு இறங்கும் பொதுப் பாதையில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார். எங்கள் தெருப் பெண்கள் குளிக்கவும் தண்ணீர் எடுக்கவும் வேறு துறை கிடையாது. மனு கொடுத்துப் பார்த்தோம், ஒரு பயலும் கண்டுகொள்ளவில்லை. பிறகு என் மதினி, அண்ணன் பெண்டாட்டி, கேட்டுக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். பின்னாலேயே தெரு முழுக்க உட்கார்ந்தது. அவள் போட்ட சட்டம் இவ்வளவுதான்: "எவன் மேலயும் கை வைக்கக் கூடாது. ஆரு வந்தாலும் எந்திரிக்கக் கூடாது."

பண்ணையார் வந்தார். நாங்கள் எழுந்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து லத்தியால் தரையைத் தட்டினார். அப்போதும் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை. ஆனால் வெளியூர் போலீஸை வரவழைத்து அடித்துக் கிளப்பப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. கைக்குழந்தைக்காரிகளும் எங்களோடு இருந்தார்கள்.

அது சாரல் நேரம். அண்ணன் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் சமையல்காரன். சென்னையில் ஏதோ ஒரு நாட்டுத் துணைத் தூதரகத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் அருவிக் குளியலுக்காக அங்கே வந்து தங்கியிருந்தார். அண்ணன் தனக்குத் தெரிந்த பட்லர் இங்கிலீஷில் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். தான் எதைச் செய்தால் உதவி, எதைச் செய்தால் உபத்திரவம் என்று அந்த அம்மாவிடமே கேட்டு வா என்றாராம் அவர்.

மதினி யோசிக்கவே இல்லை. "துட்டு வேண்டாம்னு சொல்லுங்க. வெள்ளக்காரன் காசுக்கு உக்காந்திருக்காவன்னு பேசுவானுவ. எங்களுக்காவப் பேசவும் வேண்டாம், பேச எங்களுக்கு வாய் இருக்கு. இங்கன வந்து பாத்துட்டுப் போனாப் போதும். வெளியாளு ஒருத்தன் பாக்குதான்னா அடிக்கக் கை வராது."

மறுநாளே கார் வந்தது. இன்ஸ்பெக்டர் விறைப்பாக சல்யூட் அடித்தார். கதவு திறந்து, தொப்பியும் சிவந்த முகமுமாக அவர் இறங்கினார்.

நாங்கள் எழுந்துவிட்டோம். நானும்தான். துண்டு இடுப்புக்கு வந்திருந்தது, எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை. பண்ணையாருக்கு எழாத கால், லத்திக்கு எழாத கால், எங்களுக்கு ஆதரவாக வந்த மனிதருக்கு எழுந்து நின்றது. அவர் பாவம், நாங்கள் வணக்கம் வைக்கிறோம் என்று நினைத்துத் தானும் கை கூப்பினார். இன்ஸ்பெக்டர் அவரிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். நாங்கள் கலைந்து போகத்தான் எழுந்தோம் என்று சொன்னாராம், பிறகு அண்ணன் மூலம் தெரிந்தது. அதற்குள் போலீஸ்காரர்கள் எங்களுக்கும் கேட்டுக்கும் நடுவில் வந்து வரிசையாக நின்றுகொண்டார்கள். மதினி மட்டும் அவர்கள் கால்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கார் போனதும் அவளை வேனில் ஏற்றினார்கள். ஏறும்போது எங்களைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நடந்ததை அண்ணன் சொன்னபோது அந்த மனிதர், தான் காரில் போயிருக்கக் கூடாது என்றாராம். விடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு, சாரலில் நடந்தே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார். மனுக் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் வெளி பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. "அந்த அம்மாவைப் பார்க்க வந்தேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே டெலிபோன் அடித்தது, திரும்பத் திரும்ப அடித்தது. சேதி மேலிடத்துக்குப் போய்விட்டது போல. மத்தியானத்துக்குள் மதினியை விட்டுவிட்டார்கள். அவள் மேல் ஒரு அடிகூட விழவில்லை.

எதிர்ப்புறம் மரத்தடியில் நின்ற எங்களிடம் நேராக வந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னும் என்ன நின்னுக்கிட்டே இருக்கீங்க? வாங்க, போய் உக்காருவோம்" என்றாள்.

போய் உட்கார்ந்தோம். சாயங்காலம் வெள்ளைக்காரர் அந்த வழியாகத்தான் பங்களாவுக்குத் திரும்பினார். எங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல, ரோட்டின் அந்த ஓரமாக நடந்தார். அப்படியும் எனக்குத் தொடை இறுகியது, உடம்பு மேலே வந்தது. இரண்டு கையாலும் பக்கத்திலிருந்த புல்லைப் பற்றிக்கொண்டேன்.

கேட்டைப் பிறகு திறந்தார்கள். அன்றைக்கு நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்த கதையைப் பேரப்பிள்ளைகள் வீரமாகச் சொல்லித் திரிகிறார்கள். புல்லைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?