தட்டிப் பார்த்த கை

விமானத்தின் உயரமானியைச் சோதிக்கும் பெட்டிக்குக் கண்ணாடி மூடி. உயரமானியை உள்ளே வைத்துக் காற்றை உறிஞ்ச உறிஞ்ச, மேசையை விட்டு நகராமலே முள் ஆயிரம் அடி, இரண்டாயிரம் அடி என்று ஏறும். இன்று அந்தப் பெட்டி என் பொறுப்பு. அன்று நானும் என் பெரியப்பா மகளும் அதன் முன் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பழவேற்காட்டில் ஒரே வீடு, ஒரே ஐ.டி.ஐ., விடியற்காலையில் விமானக் கருவிப் பட்டறைக்கு ஒரே ரயில். இருந்தும் அக்காவைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

காரணம் என் நைனா. பெரியப்பா கடலோடு போன பிறகு அவள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். ஏரியிலிருந்து நண்டு வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து, ஓட்டைத் தட்டி, சதை நண்டா தண்ணீர் நண்டா என்று பிரிப்பது எங்கள் இருவர் வேலை. இரண்டைத் தொட்டதுமே அவள் கையைச் சொறிவாள். "பாவம், அதுக்குக் கை அரிக்குதாம். நீயே பாத்துடும்மா" என்பார் நைனா. அவள் புத்தகத்தோடு நிழலுக்குப் போய்விடுவாள். கொடுக்கில் மாட்டிக்கொண்டு கத்தியதெல்லாம் நான். பெற்றது என்னை, கொஞ்சியது அவளை.

பட்டறையில், கருவி பறக்கத் தகுதியானது என்று சான்றிதழில் கையெழுத்துப் போடும் இடம் ஒன்று காலியானது. எங்கள் இருவரையும் சோதித்தார்கள். சம்பளம் கிடக்கட்டும், நைனா ஒரு தடவையாவது என்னைப் பற்றி நாலு பேரிடம் பெருமை பேச வேண்டும் என்று எனக்கு வெறி. முள் ஏறி நின்றது. அதைப் படிப்பதற்கு முன்பே என் விரல் பெட்டியை டொக்டொக்கென்று தட்டிவிட்டது. நண்டு தட்டிய பழக்கம்.

தேர்வாளர் பேனாவை மூடினார். "முதல்ல முள்ளைப் படிக்கணும்மா. அப்புறம் தட்டி, திரும்பப் படிக்கணும். தட்டுனா எவ்ளோ நகருதோ, அவ்ளோ தூரம் முள் ஒட்டுதுன்னு அர்த்தம். நீ முதல்லயே தட்டி அந்தக் குறையை மறைச்சிட்ட."

அடுத்து அக்காவின் முறை. கைகள் இரண்டும் மடியில். படித்தாள், தட்டினாள், மறுபடி படித்தாள். நைனா நிழலில் உட்காரவைத்த கைக்குத்தான் கையெழுத்துக் கிடைத்தது.

அதன் பிறகு ஏரிக்கு மேல் எந்த விமானம் போனாலும் நைனா படகில் எழுந்து நின்றுவிடுவார். "அதோ போவுது பாரு, நம்ம பொண்ணு கையெழுத்து!" அந்த 'நம்ம பொண்ணு' நான் இல்லை. கரையில் வலை உதறுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

சில வருடம் கழித்து அக்கா வேறு கம்பெனிக்கு ஐதராபாத் போனாள். இந்த முறை பரீட்சையில் தேறி அவள் இடத்துக்கு நான் வந்தேன். அன்று சாயங்காலம் பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, அல்வா வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் பறந்தேன். நைனாவுக்குப் பார்வை மங்கியிருந்தது. வாசலில் உட்கார்ந்து, வானத்தில் கேட்ட விமானச் சத்தத்தின் பக்கம் முகத்தைத் தூக்கியிருந்தார்.

"நைனா, இனிமே நான்தான் கையெழுத்துப் போடப் போறேன்" என்றேன்.

"அப்படியா? நல்லதும்மா" என்றார். அல்வாவை வாயில் போட்டு மென்றார். பாதியில் நிறுத்தினார்.

"ஏம்மா, அந்த ஊர்ல அது சாப்பாட்டுக்கு இன்னா பண்ணுதோ?"