அவளுக்கு வந்த நல்ல ரிப்போர்ட்

பாகலூர்க்காரியைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் புருஷனுக்கும் மஞ்சள் காமாலை, என் புருஷனுக்கும் மஞ்சள் காமாலை. என்னவர் சொறிந்து சொறிந்து கையெல்லாம் ரத்தக் கோடு. அவளவர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நோயில்கூடச் சிலருக்குத் தனிச் சொகுசு.

என் வீட்டுக்காரர் ஓசூரில் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். கண் மஞ்சளானதும் சொந்த ஊரான கல்லாவிப் பக்கம் போய்ப் பச்சிலை குடித்துக்கொண்டிருந்தார். காமாலை குறையவில்லை, ஆள்தான் பாதியானார். அதற்குப் பிறகுதான் பெங்களூருக்கு வந்தோம்.

ஸ்கேனில் இரண்டு பேருக்கும் ஒரே கதை. கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாயில் ஒரு கட்டி வழியை அடைத்திருந்தது. டாக்டர் கன்னடக்காரர். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வருவார்.

“நோடம்மா, இந்த இடத்துல கட்டின்னா பெரும்பாலும் கேன்சர்தான். ரொம்ப அபூர்வமா சாதாக் கட்டியும் வரும். ஸ்கேன்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வெளிய எடுத்து முழுசா வெட்டிப் பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்.”

அந்த ‘அபூர்வமா’ என்ற வார்த்தையை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். அவளும் பிடித்துக்கொண்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. அபூர்வமானது ஒரே பெஞ்சுக்கு இரண்டு தடவை வருமா? ஒருத்திக்குத்தான் என்றால் அது எனக்கே இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்தப் பெஞ்சில் உட்காராதவர்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

வாய் வழியாகக் குழாய் விட்டு, அடைப்புக்குள் பித்தம் இறங்க ஒரு சின்னக் குழலை வைத்தார்கள். அப்போதே குட்டி பிரஷ்ஷால் கட்டியைத் தேய்த்துக் கொஞ்சம் செல் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். என்னவருக்கு வந்த ரிப்போர்ட்டில் சந்தேகம் என்று இருந்தது. அவளவருக்கு வந்ததில் கேன்சர் செல் தென்படவில்லை என்று இருந்தது.

அவள் நேராகப் பேக்கரிக்குப் போய் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். வார்டு முழுக்கக் கொடுத்துவிட்டு எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள்.

“எடுத்துக்கோங்க அக்கா. உங்களுக்கும் நல்லதே வரும்.”

வாயில் வைக்க மனசு வரவில்லை. வயிறு அப்படி எரிந்தது. காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது அதில் எறும்பு மொய்த்திருந்தது, குப்பையில் கொட்டினேன்.

டாக்டர் அவர்களையும் விடவில்லை. என் காதுபடவே சொன்னார்: “தேய்ச்ச இடத்துல இல்லேன்னா கட்டியிலயே இல்லேன்னு அர்த்தமில்ல. ஆபரேஷன் பண்ணி எடுத்துடறது நல்லது.” ஆனால் அவள் புருஷன் ஓசூர் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி சூப்பர்வைசர். ஆபரேஷன் வேண்டாமென்றுவிட்டு வெளியே வந்து சிரித்தபடி சொன்னார்: “சாம்பிள் ஓகேன்னா லாட் ஓகே. இத்தன வருஷமா இதத்தானே பண்றேன்?”

நானும் பாகங்கள் பார்த்து அனுப்பும் இன்ஸ்பெக்ஷன் லைனில் நிற்கிறவள்தான். பெட்டிக்குச் சில பீஸ் எடுத்துப் பார்ப்போம். அவை சரியாக இருந்தால் பெட்டி முழுக்க பாஸ், லாரி ஏறிவிடும். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதனால்தான் அவ்வளவு பொறாமை. அவள் பெட்டி லாரி ஏறிவிட்டது, என்னுடையது ஓரமாகக் கிடக்கிறது.

எங்களுக்கு வேறு வழியில்லை. வயிற்றைக் கிழித்துக் கட்டியோடு குழாயை வெட்டி எடுத்து, குடலை மேலே இழுத்துக் கல்லீரலோடு தைத்தார்கள். நான் கட்டிலடியில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு அவளுடைய வாட்ஸப் ஸ்டேட்டஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழல் வைத்ததில் அவருக்கு மஞ்சள் இறங்கிக் கண் வெளுத்துவிட்டது. பாகலூரில் தேர்த் திருவிழா, அவர் வேட்டியில் நிற்கிறார். வீட்டில் மாம்பழம், அவர் கையில் முழுப்பழம். என்னவருக்கு மூக்கில் குழாய், நாக்கு நனையத் தண்ணீர்கூடக் கிடையாது. பார்க்காதே என்று மனசு சொல்லும், விரல் கேட்காது.

பிறகு வெட்டிப் பார்த்த ரிப்போர்ட் வந்தது. டாக்டர் இரண்டு தடவை படித்துவிட்டு நிமிர்ந்தார். “இது கேன்சர் இல்லம்மா. அந்த அபூர்வம் உங்களுக்குத்தான்.”

சந்தோஷத்தில் நான் முதலில் செய்த காரியம், அவளைவிட நான் ஒன்றும் குறைந்தவள் இல்லை என்று நினைத்துக்கொண்டதுதான். அன்றைக்கே அவளுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. ஸ்டேட்டஸும் அதன் பிறகு வரவில்லை. கண் படும் என்று என்னைத் தள்ளி வைத்துவிட்டாள், திமிரைப் பார் என்று கறுவிக்கொண்டேன்.

மறு பரிசோதனைக்குப் போன அன்று வார்டு நர்ஸுகளுக்குக் கொடுக்க ஓசூரிலேயே தில்பசந்த் வாங்கிப் போனோம். என்னவர் பஸ்ஸில் இரண்டு இட்லி தின்று, மூன்றாவது கேட்டார். ஆஸ்பத்திரியில் அதே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“அவரு எங்க?” என்றேன்.

“உள்ள மருந்து ஏத்தறாங்க. மஞ்சள் திரும்ப வந்துச்சு அக்கா. கேன்சர்தானாம். கல்லீரல்ல பரவிடுச்சு, இனி ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனமில்லேன்னுட்டாங்க.”

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். திருவிழாப் படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேனோ, அது நினைவுக்கு வந்தது.

அவள் என்னவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வெளுத்த கண், இஸ்திரி போட்ட சட்டை, கொஞ்சம் சதை வைத்த கன்னம். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. என் கையிலிருந்த பெட்டியை மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

“நல்ல சேதிதானே அக்கா? எனக்கு இல்லையா?” என்று கையை நீட்டினாள்.

ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தேன். நல்லா இருங்க என்று சொல்லிக்கொண்டே அதைக் காகிதத்தில் மடித்தாள். மெதுவாக, நாலு பக்கமும் ஒழுங்காக. பைக்குள் வைத்தாள்.

அவள் அதைச் சாப்பிட மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.